வேலூர் வெயிலுக்கு எந்த பாடி? தொழில்முறை பிலிம் கேமராவைச் சீர்தூக்கி வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

வைகாசி முதல் நாள், அம்மன் தலையை ஊர்வலமாகக் கொண்டுவரும் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. கத்திரி வெயில். காலடியில் சூறைத் தேங்காய்ச் சில்லு, தோளோடு தோள் உரசும் கூட்டம். என் கழுத்தில் நிக்கான் எஃப்3. சிரசு முப்பதடி தூரத்தில் திரும்பியபோது பொத்தானை அழுத்தினேன். சத்தமே இல்லை. வியூஃபைண்டருக்குள் பார்த்தால் எண்கள் எதுவும் தெரியவில்லை. உள்ளே இருந்த இரண்டு பட்டன் செல்லும் தீர்ந்திருந்தன. மாற்று செல் பைக்கின் டேங்க் கவரில் இருந்தது, பைக் அரை கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது.

எஃப்3-இல் லென்ஸுக்குப் பக்கத்தில், முன்புறம், ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. அதை இயக்கினால் பேட்டரியே இல்லாமல் சுமார் 1/60 நொடிக்கு ஷட்டர் திறந்து மூடும். அந்த ஒரே வேகம்தான். உள்ளே ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 400 கறுப்பு வெள்ளை ரோல். அந்த வெயிலுக்கு 1/60 என்றால் லென்ஸ் துளையை (அபெர்ச்சர்) எஃப்/45 வரை சுருக்க வேண்டும், என் லென்ஸோ எஃப்/22-க்கு மேல் மூடாது. இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு ஒளி அதிகம் என்று தெரிந்தேதான் எடுத்தேன். நெகட்டிவ் தடித்து வந்தது, ஆனால் அம்மன் முகம் தெளிவாக விழுந்திருந்தது.

அன்றைக்கு என்னிடம் அதற்குப் பின் வந்த நிக்கான் எஃப்5 இருந்து அதன் பேட்டரி தீர்ந்திருந்தால், ஒன்றேகால் கிலோ கல்லைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றிருப்பேன். ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: எஃப்5-க்கு வேண்டிய ஏஏ செல், எனக்கு எதிரே இருந்த பெட்டிக்கடையில் அட்டையோடு தொங்கிக்கொண்டிருந்தது. எஃப்3-க்கு வேண்டிய எல்ஆர்44 அங்கே இல்லை.

பாடி (லென்ஸ் நீங்கிய கேமரா) வாங்கப் போகிறவர்கள் இந்த இடத்திலிருந்து யோசிக்கத் தொடங்கினால் நல்லது. "எது சிறந்தது" என்று கேட்டால் பதிலுக்கு முடிவே இராது. பழைய கேமரா என்றைக்காவது ஒருநாள் நிற்கும். நிற்கும்போது எப்படி நிற்கும், அந்த நேரத்தில் நம் கையில் என்ன மிஞ்சும் என்று கேட்டால் பதில் சீக்கிரம் வந்துவிடும்.

அப்பாவுக்கு வேலூரில் ஸ்டுடியோ. 1989-இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிவதற்கு முன் அச்சடித்த நெகட்டிவ் கவர்கள் இன்னும் ஒரு பெட்டி கிடக்கின்றன, "வேலூர், வ.ஆ. மாவட்டம்" என்ற முகவரியோடு. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் இந்து ரோல், யாஷிகா மேட், பிறகு கல்யாணங்களுக்கு நிக்கான் எஃப்எம்2 என்று போனது அவர் காலம். இப்போது என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் விஐடி மாணவர்கள். போன மாதம் ஆரணிப் பையன் ஒருவன் வந்து, "அண்ணா, எஃப்5 எடுக்கலாமா, எஃப்3 எடுக்கலாமா?" என்றான். "உங்க வீட்டுல என்ன லென்ஸ் இருக்கு தம்பி?" என்று திருப்பிக் கேட்டேன். கல்யாண வீடியோ எடுக்கும் சித்தப்பா மிரர்லெஸுக்கு மாறிவிட்டாராம், கேனான் 50-ம் 70-200-ம் பீரோவில் தூங்குகின்றனவாம். "அப்ப ரெண்டுமே வேணாம்" என்றேன். அவனுக்கு முகம் சுண்டிவிட்டது.

முதல் படி: பீரோவைத் திறங்கள்

பாடி மலிவு, லென்ஸ்தான் சொத்து. அதனால் கையில் இருக்கும் லென்ஸிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.

கேனான் இஎஃப் மவுண்ட் (லென்ஸைப் பாடியில் மாட்டும் வாய்) 1987-இல் வந்தது. முழு பிரேம் டிஜிட்டலுக்கு வாங்கிய இஎஃப் லென்ஸ் எதுவும் இஓஎஸ் பிலிம் பாடியில் அப்படியே மாட்டும், ஆட்டோஃபோகஸும் ஓடும். இஎஃப்-எஸ் என்று போட்டிருந்தால் மட்டும் மாட்டாது. நம் மாவட்டத்தில் கல்யாணம் எடுத்தவர்களில் எத்தனையோ பேர் வீட்டில் இந்த லென்ஸ்கள் சும்மா கிடக்கின்றன. இஓஎஸ்-1என் (1994), இஓஎஸ்-1வி (2000) இரண்டும் இப்படிப்பட்டவர்களுக்கு நேர்வழி. பழைய கேனான் எஃப்டி லென்ஸ் வேறு சாதி. 1971-இல் வந்த எஃப்-1, 1981-இல் வந்த நியூ எஃப்-1 இரண்டும் அதற்குரியவை. எஃப்டி-யையும் இஎஃப்-ஐயும் கலக்க முடியாது.

நிக்கான் மவுண்ட் 1959-இலிருந்து ஒன்றேதான் என்பார்கள். துளை ஒன்றுதான், உள்ளே ஆயிரம் பேதம். 1977-இல், லென்ஸின் அபெர்ச்சர் நிலையைக் கேமராவின் ஒளி மீட்டருக்குச் சொல்லும் ஏஐ என்ற முறை வந்தது. அதற்கு முந்தைய லென்ஸை எஃப்எம்2-இல் வலுக்கட்டாயமாக மாட்டினால் மவுண்டைச் சுற்றியுள்ள சின்ன நாக்கு நசுங்கும். எஃப்3-இல் அந்த நாக்கை மடக்கி வைக்கலாம், தப்பிக்கலாம். எதிர்ப்பக்கமும் பாருங்கள்: அபெர்ச்சர் வளையமே இல்லாத ஜி வகை லென்ஸை எஃப்3, எஃப்எம்2-இல் மாட்டினால் அது எப்போதும் முழுக்க மூடியே நிற்கும். எஃப்4-இல், அபெர்ச்சரைக் கேமராவே தீர்மானிக்கும் பி, எஸ் முறைகளில் மட்டும் வேலை செய்யும். எஃப்5, எஃப்100, எஃப்6 மூன்றிலும் சிக்கல் இல்லை. மின்சாரத்தால் அபெர்ச்சரை மூடும் புதிய இ வகை லென்ஸுக்கு எந்த நிக்கான் பிலிம் பாடியும் பொருந்தாது.

பீரோவில் ஒன்றுமே இல்லையா? உங்களுக்குத்தான் சுதந்திரம் அதிகம். அடுத்த படிக்குப் போகலாம்.

இரண்டாம் படி: வெயிலுக்குக் கணக்குப் போடுங்கள்

ஷட்டர் வேகப் பட்டியலைக் குளிர்நாட்டுக்காரர் படிப்பதற்கும் நாம் படிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100 ரோலுக்கு எஃப்/16, 1/125 என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னணி மங்க வேண்டும் என்று எஃப்/2.8-க்குத் திறந்தால் 1/4000 வேண்டும். எஃப்எம்2-இல் அது இருக்கிறது, எஃப்3-இல் 1/2000 வரைதான், ஒலிம்பஸ் ஓஎம்-1-இல் 1/1000-தான். ஐஎஸ்ஓ 400 போட்டுக்கொண்டு கோட்டை அகழிப் பக்கம் பகல் ஒரு மணிக்கு ஓஎம்-1-ஓடு நின்றால் எஃப்/11-க்குக் கீழே இறங்கவே முடியாது. ஆள், மரம், மதில் எல்லாம் ஒரே கூர்மையில் வரும். அது வேண்டுமென்றால் சரி.

கல்யாணத்துக்கு இதைவிட முக்கியமானது ஃபிளாஷ் சிங்க் வேகம், அதாவது ஃபிளாஷோடு பயன்படுத்தக்கூடிய உச்ச ஷட்டர் வேகம். பந்தல் வாசலில், வெயிலில், முகத்து நிழலை நிரப்ப ஃபிளாஷ் அடிக்கிறோம். கைடு நம்பர் 40 உள்ள ஃபிளாஷ் (அந்த எண்ணை எஃப் எண்ணால் வகுத்தால் எட்டும் தூரம், மீட்டரில்), ஐஎஸ்ஓ 100. எஃப்3-இன் சிங்க் 1/80. வெயிலுக்கு எஃப்/20 போல மூட வேண்டியிருக்கும், ஃபிளாஷ் இரண்டு மீட்டர்தான் எட்டும். 1984-க்குப் பிந்தைய எஃப்எம்2-இன் சிங்க் 1/250. எஃப்/11 போதும், மூன்றரை மீட்டர் எட்டும். லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் உள்ள ஹாசல்பிளாட் 500சி/எம் 1/500 வரை சிங்க் ஆகும். எஃப்/8, ஐந்து மீட்டர். மாப்பிள்ளை வீட்டார் எட்டுப் பேரை ஒரே வரிசையில் நிறுத்த இரண்டு மீட்டர் எப்படிப் போதும்?

எஃப்3-க்கு இன்னொரு தலைவலி. அதன் ஃபிளாஷ் ஷூ சாதாரண ஷூ அல்ல, ரீவைண்ட் குமிழைச் சுற்றி உட்காரும் தனி வடிவம். கடையில் வாங்கும் ஃபிளாஷ் நேரடியாக மாட்டாது, அடாப்டர் தேட வேண்டும், இல்லாவிட்டால் ஒயர் இழுக்க வேண்டும். அப்பா எஃப்3 வாங்காமல் எஃப்எம்2 வாங்கியதற்கு இந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது. எஃப்3 பத்திரிகைக்காரர்களின் கேமரா, நாம் மண்டபத்துக்காரர்கள் என்பார்.

மூன்றாம் படி: செல் எங்கே கிடைக்கும்?

ஷட்டர் ஓட பேட்டரியே வேண்டாத பாடிகள்: நிக்கான் எஃப், எஃப்2, எஃப்எம்2, கேனானின் முதல் எஃப்-1, ஓஎம்-1, ஹாசல்பிளாட் 500 வரிசை. ஒளி மீட்டருக்கு மட்டும்தான் செல், அதுவும் எஃப்-இலும் ஹாசல்பிளாடிலும் மீட்டர் தனித் துணைப்பாகம். நியூ எஃப்-1 பாதிக்குப் பாதி: 1/125-இலிருந்து மேலே செல் இல்லாமலும் ஓடும்.

முதல் எஃப்-1, ஓஎம்-1 இரண்டும் 1.35 வோல்ட் பாதரச செல்லுக்காகச் செய்தவை. அது இப்போது வருவதில்லை. 1.5 வோல்ட் செல்லைப் போட்டால் மீட்டர் தப்பாகச் சொல்லும். இதற்கு வேலூரில் ஒரு வசதி இருக்கிறது. சிஎம்சி எதிரே காது மெஷின் கடையில் 675 எண் செல் கேளுங்கள். ஜிங்க்-ஏர் வகை, 1.4 வோல்ட், பாதரசத்துக்குக் கிட்டத்தட்ட அதே வோல்ட்டேஜ். விட்டம் சற்றுக் குறைவு, சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் போட்டால் உட்கார்ந்துவிடும். ஸ்டிக்கரை உரித்ததும் காற்று பட்டுத் தானாகத் தீரத் தொடங்கும் என்பதால் படம் எடுக்கப் போகிற வாரத்தில் உரித்தால் போதும். கடைக்காரர் "யாருக்குத் தம்பி காது கேக்கல?" என்று கேட்பார். கேமராவுக்கு என்றால் நம்ப மாட்டார்.

எஃப்எம்2, எஃப்3-க்கு எல்ஆர்44 இரண்டு. கிடைத்தால் எஸ்ஆர்44 போடுங்கள். சில்வர் வகை, கடைசி வரை ஒரே வோல்ட்டேஜ் தரும், பிறகு ஒரேயடியாகப் படுக்கும். எஃப்3-க்கு அடியில் மாட்டும் எம்டி-4 மோட்டார் கிடைத்தால் அதிலுள்ள எட்டு ஏஏ செல்லே பாடிக்கும் சேர்த்து மின்சாரம் தரும், பட்டன் செல் தொல்லை இல்லை. எடை கூடும். சிரசு அன்று என்னிடம் அது வீட்டில் இருந்தது.

எஃப்4 நான்கு அல்லது ஆறு ஏஏ, எஃப்5 எட்டு ஏஏ, எஃப்100 நான்கு ஏஏ. இந்த மூன்றும் ஜவ்வாது மலை அடிவாரப் பெட்டிக்கடையிலும் பிழைக்கும். எஃப்6-க்கு சிஆர்123ஏ இரண்டு, இஓஎஸ்-1என், 1வி-க்கு 2சிஆர்5. இவற்றை ஊரில் தேடி அலையாதீர்கள், ஆன்லைனில் நான்கு வாங்கி வைத்துவிடுங்கள். கேனான் இரண்டுக்கும் அடியில் மாட்டும் பூஸ்டர் கிடைத்தால் ஏஏ போடலாம்.

நான்காம் படி: "ப்ரொஃபஷனல்" என்ற சொல்லுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

ப்ரொஃபஷனல் பாடியில் நாம் காசு கொடுப்பது நாலைந்து விஷயத்துக்கு. வியூஃபைண்டரில் தெரிவது அப்படியே பிலிமில் விழும், நூற்றுக்கு நூறு. எஃப்எம்2-இல் 93 சதவீதம்தான் தெரியும், ஓரத்தில் நீங்கள் பார்க்காத ஒரு பிளாஸ்டிக் நாற்காலி படத்தில் வந்து உட்காரும். அடுத்தது கழற்றி மாற்றும் பிரிஸம், அதாவது வியூஃபைண்டர் தலை. எஃப்2-இல் மீட்டர் பிரிஸத்துக்குள்ளேயே இருக்கும். மீட்டர் கெட்டால் வேறு தலை வாங்கி மாட்டிக்கொள்ளலாம், ஆனால் எந்தத் தலை வேலை செய்கிறது என்று தேடுவதற்குள் தலை சுற்றிவிடும். எஃப்3-இல் மீட்டர் பாடிக்குள் இருப்பதால் எந்த பிரிஸம் போட்டாலும் அளக்கும். பிறகு மோட்டார், தூசி மழை தாங்கும் சீல், லட்சக்கணக்கில் ஓடியும் தேயாத ஷட்டர்.

இந்தக் கடைசி விஷயம் இரண்டு பக்கமும் வெட்டும். தாங்கும் என்பதாலேயே பத்திரிகை ஆபீஸில் அடித்து ஓட்டியிருப்பார்கள். வெளியே பித்தளை தெரியும் எஃப்2-ஐவிட, பெரியவர் ஒருவர் வருடத்துக்கு இரண்டு ரோல் எடுத்த எஃப்எம்2 மேல் என்பது என் கட்சி.

எஃப்5 நொடிக்கு எட்டுப் படம் எடுக்கும். 36 படம் நாலரை நொடி. ரோலுக்கும் கழுவுவதற்கும் சேர்த்து ஆயிரத்தைந்நூறு ரூபாய் என்று வைத்தால், ஒரு பெருமூச்சு விடுவதற்குள் ஆயிரத்தைந்நூறு போய்விடும். ஒலிம்பிக்கை எடுத்தவர்களுக்கு அது தேவைப்பட்டது. காட்பாடி பிளாட்பாரத்தில் டீ விற்பவரை எடுக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: பாடிகளைத் தராசில் வைப்போம்

எஃப்எம்2 (1982): 540 கிராம். எல்லா வேகமும் இயந்திரம். சாதாரண ஃபிளாஷ் ஷூ. நிக்கான் இதை எஃப் வரிசைக்குக் கீழே வைத்தது, நம் ஊர் ஸ்டுடியோக்கள் இதைத்தான் ப்ரொஃபஷனல் என்று நம்பின. முதல் பாடி வாங்குகிறவருக்கு நான் இன்றும் இதையே சொல்வேன். குறை: பிலிமை நகர்த்தும் அட்வான்ஸ் நெம்புகோலை வெளியே இழுத்து வைத்தால்தான் மீட்டர் விழிக்கும், இடது கண்ணால் பார்க்கிறவர்களுக்கு அது நெற்றியில் குத்தும்.

எஃப்3 (1980 முதல் 2001 வரை தயாரித்தார்கள்): 700 கிராம் அளவு. அட்வான்ஸ் நெம்புகோல் வெண்ணெய்போல ஓடும். அபெர்ச்சர் பிரையாரிட்டி உண்டு, அபெர்ச்சர் வளையத்தைத் திருப்பிவிட்டால் வேகத்தைக் கேமராவே வைக்கும், நாம் படத்தைக் கவனிக்கலாம். மீட்டர் 80 சதவீதம் நடுவட்டத்தை மட்டும் பார்க்கும். வெள்ளை வேட்டிக்காரர் நடுவில் நின்றால் ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள். உள்ளே எண்ணுக்கு வெளிச்சம் போடும் சிவப்புப் பொத்தான் இருக்கிறதே, அதை வடிவமைத்தவர் இருட்டில் அதை ஒருமுறைகூட அழுத்திப் பார்த்திருக்க மாட்டார்.

எஃப்4 (1988): ஏஐ லென்ஸுக்கும் மேட்ரிக்ஸ் மீட்டர் (காட்சியைப் பல பகுதியாகப் பிரித்து அளப்பது) தரும் அபூர்வம், 1/8000, 1/250 சிங்க், தொட்டுத் திருப்பும் பழைய பாணி டயல்கள். ஆட்டோஃபோகஸ் மெதுவு. வியூஃபைண்டர் எல்சிடி ஓரத்தில் மை கசிந்ததுபோல் கறுப்பு படர்வது இதன் வழக்கமான நோய். எண் தெரிகிற வரை பரவாயில்லை. எடை ஒரு கிலோவைத் தாண்டும்.

எஃப்5 (1996): மீட்டரில் இதை மிஞ்ச ஆளில்லை என்று அன்று பேச்சு, 1,005 புள்ளியில் நிறத்தையும் பார்க்கும். ஆனால் மேனுவல் ஏஐ லென்ஸ் போட்டால் அந்த மேட்ரிக்ஸ் வராது. முதுகு வலிக்காதவர்களுக்கு.

எஃப்100 (1999): எஃப்5-இன் மூளையில் பெரும்பங்கு, 785 கிராம். பின்கதவு ரப்பர் வயதானால் பிசுபிசுக்கும். நம் வெயிலில் சீக்கிரமே பலாப்பழம் பிரித்த கைபோல் ஆகிவிடும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்தால் பிசுக்கு போகும், கூடவே மேல்பூச்சும் போகும்.

எஃப்6 (2004): எல்லாவற்றிலும் நல்லது. 2020-இல் நிறுத்திவிட்டார்கள். அந்தக் காசுக்கு ஒரு எஃப்எம்2, இரண்டு லென்ஸ், இரண்டு வருடத்துக்கு ரோல் வாங்கலாம் என்பதால் மேலே பேசவில்லை.

இஓஎஸ்-1என், 1வி: இரண்டும் 1/8000, 1/250. 1என்-இல் ஐந்து ஃபோகஸ் புள்ளி, 1வி-இல் 45. வித்தியாசம் கிரிக்கெட் மைதானத்தில் தெரியும், வீட்டுக் கல்யாணத்தில் தெரியாது, விலையில் நன்றாகவே தெரியும். எல்சிடியில் 'பிசி' என்ற எழுத்து மினுக்கினால் புதிய செல் போட்டுப் பாருங்கள், அப்போதும் மினுக்கினால் அந்த கேமராவை அங்கேயே வைத்துவிடுங்கள். 600 வரிசை போன்ற பழைய இஓஎஸ்களில் ஷட்டருக்குள் இருக்கும் ரப்பர் உருகி, தகட்டில் தார்போல் ஒட்டும். கதவைத் திறந்து தகட்டில் கறுப்புக் கறை உண்டா என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

பென்டாக்ஸ் எல்எக்ஸ் (1980) அழகான பாடி, ஆனால் லென்ஸுக்குப் பின்னால் உள்ள கண்ணாடி ஒட்டிக்கொண்டு தாமதமாக எழும் வியாதி உண்டு. சரிசெய்த ரசீது இருந்தால் வாங்கலாம். லைக்கா எம் வரிசையில் ஒன்றே ஒன்று: அதன் துணி ஷட்டருக்கு முன்னால் கண்ணாடி கிடையாது. லென்ஸ் மூடி இல்லாமல் சூரியனைப் பார்த்து வைத்தால் பூதக்கண்ணாடியில் காகிதம் கருகுவதுபோல் துணியில் ஓட்டை விழும். வேலூரில் லைக்கா வைத்திருப்பவர் மூடியை மறக்கக் கூடாது.

பெரிய பிலிம் போடும் மீடியம் ஃபார்மட் தனிக் கதை. ஹாசல்பிளாடில் 12 படம், மாமியா ஆர்பி67-இல் 10 படம். ஆர்பி67 இரண்டரைக் கிலோவுக்கு மேல். ஸ்டுடியோவில் டிரைபாட் மேல் அதற்கு இணையில்லை. பின்பக்கத்தைச் சுழற்றினாலே குறுக்குப் படம் நெடுக்குப் படமாகிவிடும், டிரைபாடைத் தொட வேண்டாம். ஹாசல்பிளாட் வாங்கினால் முதல் பாடம்: பாடியும் லென்ஸும் இரண்டும் சுருள்வில் முறுக்கேற்றிய நிலையில் இருந்தால்தான் கழற்றவோ மாட்டவோ வேண்டும். மறந்தால் பூட்டிக்கொள்ளும்.

ஆறாம் படி: கையில் வாங்கியதும் பத்து நிமிடம்

வெளிநாட்டிலிருந்து "மின்ட்" என்று போட்டிருந்த எஃப்2 ஒன்றை வரவழைத்தேன். கீறலே இல்லை. முதல் ரோலில், 1/2000-இல் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் வலப்பக்கம் கால்வாசி வெறுமை. ஷட்டரைத் திறக்கும் முதல் திரையை, மூடும் இரண்டாவது திரை வழியிலேயே எட்டிப் பிடித்துவிட்டிருக்கிறது. மின்ட் என்பது பெயின்டைப் பற்றிய சொல் என்று அன்றுதான் தெரிந்தது.

எனவே லென்ஸைக் கழற்றுங்கள், பின்கதவைத் திறங்கள், வெளிச்சமான வானத்துக்கு நேரே பிடித்து 1/1000-இல் தட்டுங்கள். சட்டம் முழுக்க ஒரு கணம் வெள்ளையாகப் பளிச்சிட வேண்டும். ஒரு ஓரம் கறுப்பாகவே நின்றால் என் எஃப்2-இன் உடன்பிறப்பு அது. பத்து முறை தட்டுங்கள், முதல் தட்டிலேயே காட்டாது.

மெதுவான வேகங்களுக்கு உங்கள் செல்போன் போதும். நொடிக்கு 240 பிரேம் ஸ்லோமோஷனில், பின்பக்கத்திலிருந்து ஷட்டரைப் படமெடுங்கள். பிறகு திறந்திருக்கும் பிரேம்களை எண்ணுங்கள்: ஒரு நொடிக்கு 240, 1/4-க்கு 60, 1/15-க்கு 16, 1/30-க்கு 8 வர வேண்டும். ஒன்றிரண்டு கூடக் குறைய இருந்தால் விட்டுவிடுங்கள். இயந்திர ஷட்டரில் ஒரு நொடி வைத்தால் உள்ளே பல்சக்கரம் ஓடும் சத்தம் சீராகக் கேட்க வேண்டும். நடுவில் விக்கினால் எண்ணெய் காய்ந்திருக்கிறது. அது சர்வீஸில் தீரும், விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

செல் போடும் மூடியைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். கதவு ஓரத்துக் கறுப்பு ஃபோமைச் சுண்டுவிரலால் தொடுங்கள். கையில் தார் ஒட்டினால் சீல் போய்விட்டது. மலிவான வேலைதான், ஃபோம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீங்களே ஒட்டலாம். கண்ணாடி மோதும் இடத்திலும் அதே ஃபோம் உண்டு. ஓஎம்-1 என்றால் வியூஃபைண்டரில் கறுப்புக் கோடோ புள்ளிகளோ தெரிகிறதா என்று பாருங்கள், பிரிஸத்துக்கு மேலே இருக்கும் ஃபோம் வெள்ளிப்பூச்சைத் தின்றிருக்கும்.

ஃபோகஸுக்கு வேலூரில் இலவச அளவுகோல் உண்டு: ஊருக்குக் கிழக்கே மலை மேல் தெரியும் கோட்டைச் சுவர். லென்ஸை முடிவிலிக் குறிவரை திருப்பினால் சுவர் கூர்மையாகத் தெரிய வேண்டும். அதற்கு முன்னாலேயோ பின்னாலேயோ கூர்மை வந்தால், பின்கதவைத் திறந்து பிலிம் ஓடும் தண்டவாளங்களின் மேல் மங்கலான செல்லோ டேப்பை இழுத்து ஒட்டி, பி-யில் (அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும் நிலை) திறந்து வைத்து அதில் விழும் படத்தைப் பாருங்கள். டேப்பில் கூர்மை, வியூஃபைண்டரில் இல்லை என்றால் கண்ணாடியோ ஃபோகஸ் திரையோ நகர்ந்திருக்கிறது. ஒட்டும்போது ஷட்டர் தகட்டில் விரல் படக் கூடாது.

ஏழாம் படி: யார் கையில் கொடுப்பது?

பழைய மெக்கானிக்குகள் குறைந்துவிட்டார்கள். கெடிகாரம் ரிப்பேர் செய்பவர் "இதுவும் பல்சக்கரம்தானே" என்று துணிவார். அவர் கை நல்ல கைதான், திருப்புளிதான் தப்பு. ஜப்பான் கேமராவின் நட்சத்திர ஸ்க்ரூ ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவு. நாம் வைத்திருக்கும் பிலிப்ஸ் திருப்புளி அதில் முழுசாக உட்காராது, ஒரு திருகிலேயே தலை வழுக்கி வெள்ளிப் பளபளப்புத் தெரியும். வாங்கும்போதே அடித்தட்டின் ஸ்க்ரூ தலைகளைப் பாருங்கள். வழுக்கியிருந்தால் யாரோ உள்ளே போய் வந்திருக்கிறார்கள்.

இயந்திர பாடி என்றைக்கும் சரியாகும் என்ற நம்பிக்கையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். உடைந்த பல்சக்கரத்துக்கு இன்னொரு கேமராதான் உதிரிபாகம். எலெக்ட்ரானிக் பாடியில் சர்க்யூட் போனாலும் அதே கதை. வித்தியாசம் என்னவென்றால், முன்னது பெரும்பாலும் அழுக்கும் காய்ந்த எண்ணெயும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும், முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சாகும்.

தோல் உரிந்திருந்தால் மட்டும் கவலையே வேண்டாம். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் பக்கத்தில் இருக்கும்போது கேமராவுக்குத் தோல் வெளிநாட்டிலிருந்து வாங்குவானேன்? ஷூ கம்பெனிக்குப் போகும் ஆட்டுத் தோலின் வெட்டுத் துண்டு, முக்கால் மில்லிமீட்டருக்குள் சீவியது கேளுங்கள். பழைய தோலை முழுசாக உரித்துக் காகிதத்தில் வரைந்து, அதை அச்சாக வைத்து வெட்டுங்கள். ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் செல்ஃப் டைமர் நெம்புகோல் உரசும். என் எஃப்எம்2 இப்போது அடர்பழுப்பு, மழையில் லேசாகச் செருப்புக் கடை வாசனை வரும்.

எட்டாம் படி: சோதனை ரோல்

திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் ஒரு மலிவான ரோல் போடுங்கள். முதல் ஆறு படம், மேகமில்லாத வெறும் வானம், 1/500-இலிருந்து உச்ச வேகம் வரை அபெர்ச்சரை ஈடுகட்டிக்கொண்டே. அடுத்த ஆறு, நிழலில் இருக்கும் கருங்கல் சுவர், மீட்டர் சொன்னபடி. இடையில் ஒரு படத்துக்கு முன் கேமராவை வெயிலில் இரண்டு நிமிடம் புரட்டிப் புரட்டிக் காட்டுங்கள். மீதியை எப்போதும்போல் எடுங்கள். கழுவக் கொடுக்கும்போது துண்டு போடாமல் முழுநீளமாகத் தரச் சொல்லுங்கள். வீட்டில் கழுவுகிறவர்கள் மே மாதம் குழாய்த் தண்ணீரை நம்பாதீர்கள், ஐஸ் கட்டி போட்ட அன்னக்கூடையில் பாட்டில்களை நிறுத்திக்கொள்ளுங்கள்.

சுருளை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் படியுங்கள். வானப் படங்களில் ஒரு பக்கம் அடர்த்தி, மறுபக்கம் மெலிவு என்றால் இரண்டு திரைகளின் வேகம் ஒத்துப்போகவில்லை. ஓட்டை வரிசையிலிருந்து உள்ளே வழியும் கறுப்புத் திட்டு சீல் ஒழுகல். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் புள்ளி என்றால் துணித் திரையில் ஊசித்துளை. படத்துக்குப் படம் ஓடும் நீளக் கீறல், பின்தட்டில் ஒட்டிய மணல். படங்களுக்கு இடையே இடைவெளி கூடிக் குறைந்தால் பிலிம் இழுக்கும் பல்சக்கரத்தில் பிசகு. இதில் சீலும் மணலும் நீங்களே தீர்க்கக்கூடியவை, மற்றவற்றுக்குக் கேமராவைத் திருப்பி அனுப்புங்கள்.

ஆரணித் தம்பி கடைசியில் இஓஎஸ்-1என் வாங்கினான். சுருளைத் தூக்கிக்கொண்டு நேற்று வந்திருந்தான். வானம் ஆறும் சுத்தம், இடைவெளி நூல் பிடித்தாற்போல். பதினெட்டாவது படத்தில் மட்டும் ஓரத்தில் ஒரு கறுப்புத் திட்டு. "கதவ நடுவுல தெறந்தியா?" என்றேன். "சித்தப்பாதான் அண்ணா, உள்ள ரோல் இருக்கான்னு பாத்தாரு."